பையைக் கட்டுங்க, மாப்பிள்ளை!

"என்னங்க... எழுந்திருங்க. தண்ணி வருது."

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. தூக்கத்திலும் எனக்கு ஒரே சந்தோஷம். மடிப்பாக்கத்தில் குடியிருப்பவனுக்கு 'தண்ணி வருது' என்பதைவிட இனிப்பான செய்தி வேறு என்ன இருக்க முடியும்? "மோட்டாரைப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தேன்.

"ஐயோ... அந்தத் தண்ணி இல்லீங்க!"

விழுந்தடித்து எழுந்தேன். பனிக்குடம் உடைந்திருக்கிறது. டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் முழுசாக இரண்டரை வாரம் பாக்கி. மாமியார் கும்பகோணத்திலிருந்து வெள்ளிக்கிழமை கிளம்பி வருவதாக ஏற்பாடு. வந்ததும் அவர் பையைக் கட்டுவார், நான் அதைத் தூக்குவேன் - இதுதான் எங்கள் ஐந்தாண்டுத் திட்டம். ஆனால் உள்ளே இருந்த நபருக்கு யாரும் சர்க்குலர் அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமையே புறப்பட்டுவிட்டார்.

இது நடந்தது 2022 அக்டோபரில். வெளியே மழை. ஆட்டோ வர ஏழு நிமிஷம் என்று செல்போன் சொன்னது. அந்த ஏழு நிமிஷத்தில் நான் கட்டிய பையில் என்னென்ன இருந்தன என்பதை ஆஸ்பத்திரியில் ஸ்டாக் எடுத்துப் பார்த்தபோது கிடைத்த விவரம் இது:

என் டி-ஷர்ட் இரண்டு. லேப்டாப் சார்ஜர் (லேப்டாப் இல்லை). டூத் பேஸ்ட் (பிரஷ் இல்லை). பேரீச்சம்பழம் அரை கிலோ. ஆபீஸ் ஐ.டி. கார்டு. ஒரு குடை. அப்புறம்... டி.வி. ரிமோட். கடைசி அயிட்டம் எப்படி உள்ளே வந்தது என்பது எங்கள் குடும்ப வரலாற்றில் இன்றுவரை விளங்காத மர்மம்.

எது முக்கியமோ, அது மட்டும் இல்லை. ஒன்பது மாசத்து ரிப்போர்ட், ஸ்கேன், மாத்திரைச் சீட்டு அத்தனையும் அடங்கிய நீல நிற ஃபைல். அது ஃபிரிட்ஜ் மேலே பத்திரமாக இருந்தது.

'நெகட்டிவ்' மனைவி!

மனைவி மாசாமாசம் போய்க் காட்டியது டாக்டரம்மாவின் கிளினிக்கில். பிரசவத்துக்குப் போனது வேறு ஆஸ்பத்திரி. ராத்திரி டியூட்டியில் இருந்தவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கவுன்ட்டரில் ஒரு ஸிஸ்டர் கேள்விக் கணைகளைத் தொடுக்க ஆரம்பித்தார்.

"பேஷன்ட் பிளட் குரூப் என்ன ஸார்?"

"ஓ பாஸிட்டிவ்" என்றேன், சேல்ஸ் டாக்ஸ் நம்பர் ஒப்பிக்கிற மாதிரி கம்பீரமாக.

வீல் சேரில் வலியோடு முனகிக் கொண்டிருந்த மனைவி, "நெகட்டிவ்... நெகட்டிவ்..." என்றாள்.

நான் குனிந்து, "இந்த நேரத்துல போய் நெகட்டிவா பேசலாமாம்மா? எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று ஆறுதல் சொன்னேன்.

அவள் பார்த்த பார்வை இருக்கிறதே... "என் பிளட் குரூப் நெகட்டிவ்ங்க! நீங்க சொன்னது உங்க குரூப்!"

ஸிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு ஐ.பி.எல்.லில் எந்த டீமுக்கு எந்த வருஷம் யார் கேப்டன் என்று தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆபீஸ் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும் தொகை தெரியும். கூடவே குடித்தனம் நடத்துகிறவளின் ரத்தம் என்ன குரூப் என்று தெரியவில்லை.

அடுத்து டியூட்டி டாக்டர் வந்தார். "ஏழாம் மாசம் ஆன்டி-டி ஊசி போட்டிருக்காங்களா? எந்த மருந்தாவது அலர்ஜியா? கடைசி ஹீமோகுளோபின் எவ்வளவு?" எல்லாக் கேள்விகளுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: "ஃபிரிட்ஜ் மேல இருக்கு டாக்டர்."

ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் என்ன குரூப் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அவர்களாகவே பரிசோதிக்காமல் யாருக்கும் ஏற்ற மாட்டார்கள். அதனால் என் உளறலால் ஆபத்து நேர்ந்திருக்காது. ஆனால் நம் நாட்டில் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத்தான் நெகட்டிவ் வகை ரத்தம். அதிலும் ஓ நெகட்டிவ் இன்னும் அபூர்வம். அவசரத்துக்கு வேண்டும் என்றால் உடனே கிடைக்காது. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

விடியற்காலையில் அந்த அவசரம் எட்டிப் பார்த்தது. லேசாக ரத்தப் போக்கு இருக்கிறது, கவலைப்பட வேண்டியதில்லை, எதற்கும் ஒரு யூனிட் தயாராக இருக்கட்டும் என்றார் டாக்டர். 'எதற்கும்' என்ற சொல்லுக்கு அவ்வளவு எடை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆபீஸ் வாட்ஸ்-அப் குரூப்பில் கெஞ்சினேன். வழக்கமாகக் குட் மார்னிங் ரோஜாப்பூ மட்டுமே அனுப்பும் அக்கவுன்ட்ஸ் செக்ஷன் ஆசாமி ஒருவர், "நான் ஓ நெகட்டிவ், வேளச்சேரியில் இருக்கேன், கிளம்பிட்டேன்" என்று பதில் போட்டார். மழையில் நனைந்துகொண்டே வந்து நின்றார். கூடவே எதிர் ஃபிளாட் ஸார், நாங்கள் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, லுங்கியோடு ஸ்கூட்டரில் நீல ஃபைலைக் கொண்டு வந்து சேர்த்தார்.

கடைசியில் ரத்தம் தேவைப்படவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் இருக்கிறதே, அதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒயர்கூடைப் பாட்டி

காலை ஒன்பது இருபது. லேபர் வார்டு கதவு திறந்தது. "பெண் குழந்தை ஸார். துவைச்ச காட்டன் துணி குடுங்க. பழைய வேட்டித் துணி இருந்தா நல்லது."

பையைத் திறந்தேன். டி-ஷர்ட். ரிமோட். பேரீச்சம்பழம்.

"இது... இது ஆகுமா ஸிஸ்டர்?" என்று டி-ஷர்ட்டை நீட்டினேன். கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்தது. முதுகில் கொட்டை எழுத்தில் 'இலக்கை எட்டுவோம்' என்று இருந்தது. பிறந்து ஐந்து நிமிஷம் ஆன குழந்தைக்கு டார்கெட் கொடுத்த முதல் தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்து பெஞ்சில் ஒரு பாட்டி. செய்யாறு பக்கத்துக் கிராமம். அவர் மகளும் உள்ளேதான் இருந்தார். ராத்திரி முழுக்க நான் அடித்த கூத்தையெல்லாம் பார்த்துக் கொண்டிருந்தவர், தன் ஒயர் கூடையைத் திறந்தார். மேலாகவே வெள்ளை வெளேரென்று மடித்து வைத்த வேட்டித் துணிகள். இரண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தா தம்பி. வெந்நியில அலசி வெயில்ல காயப் போட்டது. எம் பேரப்புள்ளைக்கு நெறைய இருக்கு."

என் மகள் இந்த உலகத்தில் முதன்முதலாக உடுத்தியது முன்பின் தெரியாத ஒரு தாத்தாவின் வேட்டி.

திரும்பி வந்து பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே பேச்சைத் தொடங்கினார். "மொதல்ல எது வோணுமோ, அத்தக் கடைசியா வெக்கணும் தம்பி. அடியில வெச்சிட்டு அவசரத்துல அலசுனா ஆவுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.காம். படிக்கும்போது காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'லிஃபோ' என்று ஒரு பாடம். லாஸ்ட் இன், ஃபர்ஸ்ட் அவுட். கடைசியில் உள்ளே போன சரக்கு முதலில் வெளியே வரும். பத்து மார்க் கேள்விக்கு நான் ஒன்பது வாங்கியிருக்கிறேன். அந்த ஒன்பது மார்க்கும் அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு வேட்டித் துணிகூட வாங்கித் தரவில்லை!

பதினொன்றரைக்குக் கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்து சேர்ந்தார். பேத்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாக என் பையைப் பார்த்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "ஒரு பையைக் கட்டி வெச்சிருக்கக் கூடாதா மாப்பிள்ளை?"

ஸார், அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

யார் கட்ட வேண்டும்?

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது என்ன? பையைப் பெண்கள் கட்டுவார்கள். ஆண் தூக்கிக்கொண்டு போவான். போனபின், கட்டிய பெண் லேபர் வார்டுக்குள் இருப்பாள். தூக்கியவன் வெளியே இருப்பான். உள்ளேயிருந்து 'துண்டு குடுங்க', 'நைட்டி குடுங்க', 'அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குடுங்க' என்று குரல் வரும்போது எந்த ஜிப்பில் எது இருக்கிறது என்று தெரியாமல் ஆசாமி முழிப்பான்.

ஆக, பையைத் திறக்கப் போகிறவர் யாரோ அவர்தான் கட்ட வேண்டும். அதாவது, நீங்கள். மனைவி லிஸ்ட் சொல்லட்டும், மாமியாரும் அம்மாவும் திருத்தட்டும். கை மட்டும் உங்கள் கையாக இருக்கட்டும். ஒரு தடவை கட்டிவிட்டால் போதும். எங்கே எது இருக்கிறது என்பது மட்டுமல்ல, மனைவியின் ரத்த குரூப் என்ன, மாத்திரை என்ன, அவளுக்கு எந்தத் தலையணை வேண்டும் என்பதெல்லாம் தானாக மனப்பாடமாகிவிடும்.

"பிறக்கறதுக்கு முன்னாடியே குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை போடாதீர்கள். வாங்கத்தானே கூடாது? வீட்டில் இருக்கும் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைக்க எந்தச் சாஸ்திரத்திலும் தடையில்லை. புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். பலமுறை துவைத்த வேட்டிதான் குழந்தைத் தோலுக்கு மெத்தென்று இருக்கும்.

எப்போது கட்ட வேண்டும்?

டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதி எப்படி வருகிறது தெரியுமா? கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதத்தைக் கழிக்க வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. நேகல் என்ற ஜெர்மானிய டாக்டரின் பெயரால் வழங்கும் கணக்கு இது. மொத்தம் 280 நாள், 40 வாரம். கணக்கு சுத்தமானதுதான். ஆனால் குழந்தைகள் கணக்குப் படித்துவிட்டு வருவதில்லை. சரியாக அந்தத் தேதியில் பிறப்பது ஏறக்குறைய இருபதில் ஒன்றுதான். 37 வாரம் முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சில அவசரக்காரர்கள் அதற்கும் முன்னால் வருவார்கள்.

எனவே 34-வது வாரம் பையைக் கட்ட ஆரம்பித்து, 36-வது வாரம் கதவுப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்துவிடுங்கள். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்றால், வளைகாப்பு முடிந்து அனுப்பும்போதே ஃபைலின் ஒரு ஜெராக்ஸ் உங்களிடம் இருக்கட்டும். 'அதான் ஊருக்கு அனுப்பியாச்சே' என்று கையைக் கழுவுகிற வேலை வேண்டாம்.

மூன்று பை, ஒரு ஃபைல்

ஒரே பெரிய சூட்கேஸ் உதவாது. தனித்தனியாக, முடிந்தால் தனித்தனிக் கலரில் மூன்று பைகள்.

முதலில் ஃபைல். இது பையின் அடியில் அல்ல, தலைமாட்டில் இருக்க வேண்டியது. முதல் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள். அதில் கொட்டை எழுத்தில்: மனைவி பெயர், வயது, ரத்த குரூப், அலர்ஜி, சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை, பி.பி., தைராய்டு இருந்தால் அது, டாக்டர் போன் நம்பர், உங்கள் நம்பர். அடுத்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், ஸ்கேன்கள் தேதி வரிசையில். இருவர் ஆதார் ஜெராக்ஸ். இன்ஷூரன்ஸ் கார்டு. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் 12 இலக்க நம்பர் ஒன்று தருவார்கள். 'பிக்மி நம்பர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் மேல் இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்!

மனைவி நெகட்டிவ், நீங்கள் பாஸிட்டிவ் என்றால் இன்னொரு விஷயம். குழந்தைக்கும் பாஸிட்டிவ் என்று தெரிந்தால் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். அடுத்த குழந்தைக்கு ஆபத்து வராமல் தடுக்கும் ஊசி அது. டாக்டர்கள் மறக்க மாட்டார்கள். நீங்களும் மறக்காமல் கேளுங்கள். என் மகள் பாஸிட்டிவ் பார்ட்டி. அம்மாவுக்கு மறுநாளே ஊசி போட்டாயிற்று. ரத்தம் கொடுக்கக்கூடிய அதே குரூப் நண்பர்கள் மூன்று பேரின் நம்பரையும் அந்த வெள்ளைத்தாளில் எழுதி வையுங்கள்.

அம்மா பை: முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, நான்கு. அளவில் பெரிய நாப்கின் இரண்டு பாக்கெட் (கடையில் போய் 'மெட்டர்னிட்டி பேட்' என்று தைரியமாகக் கேளுங்கள், ஸார். பேப்பரில் சுற்றித் தரச் சொல்லி ரகசியம் பேசாதீர்கள்). பால் கொடுக்க வசதியான உள்ளாடைகள். வழுக்காத செருப்பு. சீப்பு, ரப்பர் பேண்ட், சோப்பு, பிரஷ், பேஸ்ட் - இரண்டும்! பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், ஸ்பூன். ஒரு ஸ்வெட்டர் அல்லது சால்வை. பிரசவத்துக்குப் பின் குளிர் நடுக்கம் வருவது சகஜம். நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும். வளைகாப்புக் கண்ணாடி வளையல்களை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுமதிக்க மாட்டார்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுவது நல்லது. விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும்போது இடைஞ்சல் பண்ணும்.

குழந்தை பை: அடியில் வீட்டுக்குத் திரும்பும் அன்றைக்குப் போடும் சட்டை. அதன் மேல் டயப்பர், சின்ன டவல், முடிச்சுப் போடும் ஜபலா நான்கு, குல்லா, சாக்ஸ், போர்வை. எல்லாவற்றுக்கும் மேலே, துவைத்துக் காய வைத்த வேட்டித் துணி எட்டு முதல் பத்து. செய்யாறு பாட்டியின் லிஃபோ!

உங்கள் பை: இரண்டு செட் துணி, லுங்கி, பெட்ஷீட், காற்றுத் தலையணை. நீளமான ஒயரோடு போன் சார்ஜர் (ஆஸ்பத்திரியில் பிளக் பாயின்ட் எப்போதும் எட்டாத உயரத்தில்தான் இருக்கும்). பிஸ்கட், தண்ணீர். கையில் கொஞ்சம் ரொக்கம், அதிலும் பத்து, இருபது, ஐம்பதாக. விடியற்காலை கேன்டீனில் சிக்னல் கிடைக்காமல் கியூ.ஆர். கோடு முன்னால் தவம் கிடந்தவன் சொல்கிறேன்.

இதெல்லாம் வேண்டாம்

பால் பாட்டில், பால் பவுடர் டின் - டாக்டர் சொன்னாலொழிய வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது, அதுதான் முதல் தடுப்பு மருந்து மாதிரி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டியதில்லை. பால் பவுடரை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

தேன் பாட்டில், சர்க்கரைத் தண்ணீர் - கூடவே கூடாது. 'சேனை வைக்கணும்' என்று ஒரு பெரியம்மா முந்தானையில் தேன் பாட்டிலோடு வருவார். ஒரு வயது வரை தேனே ஆகாது; அதிலிருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்பையே பாதிக்கலாம். பெரியம்மாவைத் தடுக்க வேண்டியது யார்? படுத்திருக்கும் மனைவியா? வாசலில் நிற்கும் நீங்கள்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "டாக்டர் ரொம்பக் கோவக்காரங்க பெரியம்மா, என்னைத் திட்டுவாங்க" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிட்டு, தேனைச் சப்பாத்தியில் தொட்டு நானே சாப்பிட்டுவிட்டேன்.

பவுடர், கண் மை, வசம்பு வளையம், கேஸ் சிலிண்டர் சைஸில் கரடி பொம்மை - இவையும் வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரி என்றால்...

1938-ல் ஃபின்லாந்து அரசு ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி கொடுக்க ஆரம்பித்தது. உள்ளே குழந்தைக்கு வேண்டிய துணிமணிகள். காலியான பெட்டியே குழந்தைக்குக் கட்டில்! 1949-லிருந்து எல்லாத் தாய்மார்களுக்கும் என்று விரிவாக்கினார்கள். நம் தமிழ்நாட்டில் 2015-ல், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை, தாய்க்கு லேகியம் என்று 16 பொருள்கள் அடங்கிய பெட்டகம் தரத் தொடங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பதாக இருந்தால், என்னென்ன தருவார்கள், என்னென்ன கொண்டு வரணும் என்று செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொண்டால் பையின் பாரம் குறையும்.

மத்திய அரசின் 2011-ம் வருஷத் திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, சாப்பாடு, வீட்டில் கொண்டு வந்து விடுவது வரை இலவசம். அவசரத்துக்கு 108. வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் 'விடியட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. உடைந்த நேரம் என்ன, நீரின் நிறம் என்ன - இரண்டையும் கவனித்துச் சொல்லுங்கள். பச்சையாக இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

பையில் வைக்க முடியாத ஒன்று

லீவு! மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு, இரண்டு குழந்தைகளுக்குள் இருந்தால். தனியார் கம்பெனிக்காரர்களுக்குச் சட்டம் எதுவும் இல்லை. கம்பெனி மனசு வைத்தால்தான். ஆகவே ஏழாம் மாசமே மேனேஜரிடம் சொல்லி வையுங்கள். நான் போய், "ஸார், அடுத்த மாசம் டெலிவரி இருக்கு" என்றேன். "எந்தக் கிளையன்ட்டுக்கு?" என்றார்.

ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பாலிஸியாக இருந்தால் பிரசவத்துக்கு எவ்வளவு உச்சவரம்பு, குழந்தை பெயரை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும் என்றாலும் போய் விசாரியுங்கள். பெயர் வைப்பதில் தாத்தா கட்சியும் பாட்டி கட்சியும் மோதினால் அவசரப்பட வேண்டாம். பெயரில்லாமல் பதிந்துவிட்டு ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. குழந்தை பிறந்ததும் போன் மேல் போன் வரும். "பொண்ணா, பையனா? நார்மலா, சிசேரியனா? எத்தனை கிலோ?" நான் எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு வந்தது நாற்பத்தொரு போன். "உன் வொய்ஃப் எப்படி இருக்கா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் மழையில் நனைந்து வந்த அந்த அக்கவுன்ட்ஸ் ஆசாமி. நீங்களாவது உள்ளே போனதும் குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று ஆராய்வதற்கு முன்னால், "பசிக்குதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மகள் இப்போது ஸ்கூல் பையைத் தூக்குகிற வயசுக்கு வந்துவிட்டாள். செய்யாறு பாட்டியை அப்புறம் நான் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அந்த இரண்டு வேட்டித் துணிகளும் பீரோவில் இருக்கின்றன.

போன மாசம் அதே அக்கவுன்ட்ஸ் ஆசாமி என் மேஜைக்கு வந்து, வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். அவர் மனைவிக்கு 33-வது வாரமாம். அடுத்த நாள் என் வேட்டிகளில் பழசாகப் பார்த்து எடுத்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காய வைத்து, எட்டுத் துண்டாக மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதை எங்க வைக்கணும் தெரியுமா?" என்றேன்.

"பையிலதான்."

"பையில எங்கே? கடைசியா, எல்லாத்துக்கும் மேல" என்று பாட்டி குரலில் சொல்லிவிட்டு, பரீட்சை வைத்தேன். "உங்க வொய்ஃப் பிளட் குரூப் என்ன?"

ஒரு நிமிஷம் யோசித்தார். "ஃபைல்ல இருக்கும்..."

"ஃபைல் எங்கே இருக்கு?"

"ஃபிரிட்ஜ் மேல" என்றார்.